விரட்டினாலும் திரும்பி வரும் வைரஸ்: வீட்டுக் கம்ப்யூட்டரை முழுமையாகச் சுத்தம் செய்வது எப்படி?

 

பிரவுசரைத் திறந்தால் கூகுள் வருவதில்லை. பெயர் தெரியாத ஏதோ ஒரு தேடுதளம் வருகிறது. திரையின் வலது மூலையில் “உங்கள் கம்ப்யூட்டரில் ஐந்து வைரஸ்கள் உள்ளன, உடனே இங்கே அழுத்துங்கள்” என்று பெட்டி மேலே எழும்புகிறது. குடும்பமே உட்கார்ந்திருக்கும் கூடத்தில், கேட்காமலேயே ஆபாச விளம்பரம் எட்டிப் பார்க்கிறது. கடையில் கொடுத்து, காசு கட்டிச் சரி செய்து வருகிறோம். பத்து நாள் கழித்து அதே தொல்லை மீண்டும் வந்து நிற்கிறது.

நம் சங்கரன்கோவிலில் பெரும்பாலான வீடுகளில் ஒரு கம்ப்யூட்டர்தான் இருக்கும். மகன் கல்லூரிப் பாடம் எழுதுவதும், மகள் கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிப்பதும், அத்தா தறிக் கணக்கோ கடையின் ஜி.எஸ்.டி. கணக்கோ போடுவதும், வளைகுடாவில் இருப்பவரோடு முகம் பார்த்துப் பேசுவதும் அந்த ஒன்றில்தான். ஆதார், பாஸ்போர்ட், பத்திர நகல்கள், நிக்காஹ் போட்டோக்கள், வங்கிக் கணக்கின் பாஸ்வேர்டு எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. ஆகவே இதை ஒரு சின்ன எரிச்சல் என்று தள்ளிவிட முடியாது. வீட்டின் பணமும் மானமும் இதில் அடங்கியிருக்கின்றன.

இந்தக் கட்டுரை சொல்ல வருவது ஒன்றுதான்: வைரஸ் திரும்பி வருவதற்குக் காரணம், அதைத் திரும்பக் கொண்டுவரும் வழியை நாம் அடைக்காமல் விடுவதே. அந்த வழிகளைத் தெரிந்துகொண்டு, வரிசையாக ஒவ்வொன்றாக அடைத்தால் பெரும்பாலான வீடுகளில் செலவில்லாமலேயே தீர்வு கிடைக்கும், இன்ஷா அல்லாஹ்.

பிள்ளைகள் மீது பழி போடாதீர்கள்

திரையில் அசிங்கமான விளம்பரம் வந்ததும் பல வீடுகளில் முதலில் நடப்பது விசாரணைதான். “நீ என்ன பார்த்தாய்?” என்று வளர்ந்த மகனைக் கேட்கிறோம். அவன் இல்லை என்று சொன்னாலும் நம்புவதில்லை.

இந்த வகை விளம்பரங்கள் வருவதற்கு யாரும் தப்பான தளத்துக்குப் போயிருக்க வேண்டியதில்லை. ஒரு பாடப்புத்தகத்தின் பிடிஎஃப் தேடியபோதோ, ஒரு இலவச வீடியோ கன்வெர்ட்டரை இறக்கியபோதோ, ‘அலவ்’ என்ற பொத்தானைத் தெரியாமல் அழுத்தியபோதோ அது உள்ளே வந்திருக்கலாம். விளம்பரம் காட்டுபவனுக்கு ஒவ்வொரு அழுத்தலுக்கும் பணம். யார் வீடு, யார் பார்க்கிறார்கள் என்பதெல்லாம் அவனுக்குப் பொருட்டில்லை.

திருக்குர்ஆனின் அல்ஹுஜுராத் அத்தியாயம் 12ஆம் வசனம், வீண் சந்தேகத்தையும் துருவித் துருவி ஆராய்வதையும் விட்டு விலகும்படி நம்மை எச்சரிக்கிறது. கம்ப்யூட்டர் விஷயத்திலும் அது பொருந்தும். இன்னொரு நன்மையும் இருக்கிறது: திட்டு விழாது என்று தெரிந்தால்தான் பிள்ளை, “நேற்று நான் இதை டவுன்லோட் செய்தேன், அதன் பிறகுதான் இப்படி ஆகிறது” என்று உண்மையைச் சொல்வான். சுத்தம் செய்யும் வேலையில் அதைவிடப் பயனுள்ள தகவல் வேறில்லை.

ஏன் திரும்பத் திரும்ப வருகிறது?

இரண்டு உண்மைச் சம்பவங்களைப் பார்த்தால் விளங்கும்.

2017 ஜூன் மாதம் ‘செக் பாயிண்ட்’ என்ற பாதுகாப்பு நிறுவனம் ‘ஃபயர்பால்’ என்ற நச்சு மென்பொருளைப் பற்றி அறிவித்தது. பீஜிங்கைச் சேர்ந்த ‘ராஃபோடெக்’ என்ற விளம்பர நிறுவனத்தின் வேலை அது. உலகில் 25 கோடி கம்ப்யூட்டர்களில் புகுந்துவிட்டதாகவும், நாடுகளில் இந்தியாவே முதலிடம், இங்கு மட்டும் சுமார் 2.5 கோடி என்றும் செக் பாயிண்ட் கணக்கிட்டது. அந்த எண்ணிக்கை மிகைப்படுத்தப்பட்டது என்று மைக்ரோசாஃப்ட் மறுத்தது. எண்ணிக்கை எதுவானாலும், அது நுழைந்த விதத்தில் யாருக்கும் கருத்து வேறுபாடில்லை. நாம் விரும்பி இறக்கும் இலவச மென்பொருளோடு ஒட்டிக்கொண்டு வந்தது. ‘நெக்ஸ்ட், நெக்ஸ்ட்’ என்று அழுத்திக்கொண்டே போகிறோமே, அந்த இடைவெளியில் உள்ளே வந்து, பிரவுசரின் முதல் பக்கத்தையும் தேடுதளத்தையும் மாற்றிவிடும். நாம் பிரவுசரில் கூகுளைத் திரும்ப வைத்தாலும், உள்ளே இருக்கும் மென்பொருள் அடுத்த நாள் அதைப் பழையபடி மாற்றிவிடும். கிளையை வெட்டுகிறோம், வேர் அப்படியே இருக்கிறது.

அடுத்தது ‘ரம்னிட்’. 2015 பிப்ரவரியில் ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோல், பல நாட்டுப் போலீஸாருடன் சேர்ந்து இதன் கட்டுப்பாட்டு சர்வர்களை முடக்கியது. அப்போது உலகில் சுமார் 32 லட்சம் கம்ப்யூட்டர்கள் அதன் பிடியில் இருந்ததாகக் கணக்கிடப்பட்டது. அதிகம் பாதிக்கப்பட்ட நாடு இந்தியாதான். ரம்னிட் தனி ஃபைலாக மட்டும் இருக்காது. கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இருக்கும் மென்பொருள் ஃபைல்களுக்குள்ளும் இணையப் பக்க ஃபைல்களுக்குள்ளும் தன்னை எழுதிக்கொள்ளும். பென் டிரைவ் செருகினால் அதிலும் ஏறிக்கொள்ளும்.

இங்கேதான் நம்மூரில் அடிக்கடி நடக்கும் ஒரு விஷயம் விளங்குகிறது. ‘ஃபார்மட்’ என்றால் பெரும்பாலும் விண்டோஸ் இருக்கும் சி டிரைவை மட்டும் அழித்துப் புதிதாகப் போடுவார்கள். டி டிரைவில் நாம் சேர்த்து வைத்த பழைய சாஃப்ட்வேர்கள் அப்படியே இருக்கும். ஃபார்மட் செய்த மறுநாள் அதிலிருந்து ஒன்றை எடுத்து இன்ஸ்டால் செய்கிறோம். வைரஸும் கூடவே எழுந்து வருகிறது. கடைக்காரர் சரியாகச் செய்யவில்லை என்று நாம் சொல்கிறோம். நீங்கள் மறுபடி ஏற்றிக்கொண்டீர்கள் என்று அவர் சொல்கிறார். இருவர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது.

தொடங்கும் முன் செய்ய வேண்டியவை

ஒன்று: வைஃபையை நிறுத்துங்கள். தேவைப்படும்போது மட்டும் இணைத்தால் போதும். அந்தக் கம்ப்யூட்டரில் வங்கி வேலை, ரயில் டிக்கெட், ஓடிபி எதுவும் வேண்டாம்.

இரண்டு: நம்பகமான ஒரு கைபேசியிலிருந்து முக்கியமான பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். முதலில் ஜிமெயில், அடுத்து வங்கி, பிறகு மற்றவை. ஜிமெயில் ஏன் முதலில் என்றால், மற்ற எல்லாக் கணக்கின் பாஸ்வேர்டையும் அதன் வழியாகத்தான் மாற்ற முடியும். பிரவுசரில் சேமித்து வைத்த பாஸ்வேர்டுகளை மொத்தமாக அள்ளிச் செல்வதற்கென்றே சில நச்சு மென்பொருள்கள் இருக்கின்றன. ஆகவே கம்ப்யூட்டர் சுத்தமாகும்வரை புதிய பாஸ்வேர்டை அதில் அடிக்கவே கூடாது. இரண்டடுக்குச் சரிபார்ப்பையும் போட்டுவிடுங்கள். ‘எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு’ என்ற வசதியைப் பயன்படுத்தி, பழைய உள்நுழைவுகளைத் துண்டித்துவிடுங்கள்.

மூன்று: போட்டோ, வீடியோ, வேர்டு, எக்செல், பிடிஎஃப் ஃபைல்களை வெளி ஹார்டு டிஸ்கில் நகல் எடுங்கள். சாஃப்ட்வேர் இன்ஸ்டால் செய்யும் ஃபைல்களையும், ஜிப் கட்டுகளையும் நகலெடுக்க வேண்டாம். அவற்றைத் தேவைப்படும்போது அந்தந்த நிறுவனத்தின் தளத்திலிருந்து புதிதாக இறக்கிக்கொள்ளலாம்.

முதல் படி: அது உண்மையிலேயே வைரஸா?

மூலையில் எழும்பும் “வைரஸ் உள்ளது” பெட்டிகளில் பெரும்பாலானவை வைரஸே அல்ல. ஏதோ ஒரு தளம் “நீங்கள் ரோபோ இல்லை என்று காட்ட அலவ் அழுத்துங்கள்” என்று கேட்டிருக்கும், நாம் அழுத்தியிருப்போம். அந்த அனுமதியைக் கொண்டு அது தினமும் விளம்பரம் அனுப்புகிறது.

குரோமில் வலது மேல் மூலையின் மூன்று புள்ளி, ‘செட்டிங்ஸ்’, ‘பிரைவசி அண்ட் செக்யூரிட்டி’, ‘சைட் செட்டிங்ஸ்’, ‘நோட்டிஃபிகேஷன்ஸ்’ என்று போங்கள். அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் தெரியும். தெரியாத பெயர்கள் அத்தனையையும் நீக்குங்கள். பல வீடுகளில் பிரச்சினை இந்த ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

இன்னொரு சோதனை: அதே வைஃபையில் இருக்கும் கைபேசிகளிலும் அதே போல வேறு தளங்களுக்கு இழுத்துப் போகிறதா? அப்படியானால் கோளாறு வைஃபை ரூட்டரில் இருக்கலாம். இணைப்பு கொடுத்தவரை அழைத்து, ரூட்டரை ரீசெட் செய்து, அதன் நிர்வாகப் பாஸ்வேர்டையும் மாற்றச் சொல்லுங்கள்.

இரண்டாம் படி: பிரவுசர்

‘எக்ஸ்டென்ஷன்ஸ்’ பக்கத்தைத் திறந்து, நீங்கள் வேண்டுமென்று சேர்க்காத ஒவ்வொன்றையும் நீக்குங்கள். பிறகு ‘ரீசெட் செட்டிங்ஸ்’ கொடுங்கள். புக்மார்க்குகளும் சேமித்த பாஸ்வேர்டுகளும் இதனால் அழியாது.

நீக்கிய எக்ஸ்டென்ஷன் மறுநாள் திரும்ப வந்தால் மூன்று காரணங்கள் இருக்கலாம்.

அ) கூகுள் கணக்கின் ‘சிங்க்’. வேறொரு லேப்டாப்பில் அது இன்னும் இருந்தால், கணக்கு வழியாக இங்கேயும் வந்து இறங்கும். சிங்க்கை நிறுத்திவிட்டு எல்லாக் கம்ப்யூட்டரிலும் நீக்கிய பிறகே மறுபடி இயக்க வேண்டும்.

ஆ) குரோம் மெனுவின் அடியில் ‘மேனேஜ்டு பை யுவர் ஆர்கனைசேஷன்’ என்று இருப்பது. அலுவலகக் கம்ப்யூட்டரில் இது இயல்பு. சில ஆன்டிவைரஸ்களாலும் வரும். அவை எதுவும் இல்லாத வீட்டுக் கம்ப்யூட்டரில் தெரிந்தால், ஒரு மென்பொருள் தன்னை நிர்வாகியாக எழுதி வைத்திருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். அடுத்த படிகளில் அதைப் பிடிக்கலாம்.

இ) குரோம் ஐகானின் மீது வலது கிளிக் செய்து ‘பிராப்பர்ட்டீஸ்’ பாருங்கள். ‘டார்கெட்’ என்ற இடத்தின் கடைசியில் ஏதாவது இணையதள முகவரி ஒட்டிக்கொண்டிருந்தால், அதை மட்டும் அழியுங்கள். அந்த ஐகானை அழுத்தும் போதெல்லாம் அதே பக்கம் திறப்பதற்கு அதுவே காரணம்.

மூன்றாம் படி: வேரைத் தேடுதல்

‘செட்டிங்ஸ்’ பகுதியில் ‘ஆப்ஸ்’ திறந்து, பட்டியலை இன்ஸ்டால் செய்த தேதிப்படி அடுக்குங்கள். தொல்லை தொடங்கிய நாளை ஒட்டி வந்தவற்றைப் பாருங்கள். பிள்ளை சொன்ன தகவல் இங்கே உதவும். கம்ப்யூட்டரை வேகமாக்கும், டிரைவரைப் புதுப்பிக்கும், கூப்பன் காட்டும் என்று சொல்லிக்கொண்டு வந்தவை பெரும்பாலும் தேவையற்றவை; அன்இன்ஸ்டால் செய்யுங்கள். அப்போது “போகாதீர்கள், இதையும் வைத்துக்கொள்ளுங்கள்” என்று பெட்டிகள் வரும். நிதானமாகப் படித்து ‘வேண்டாம்’ என்பதையே தேர்ந்தெடுங்கள்.

அடுத்து, கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் ‘டாஸ்க் மேனேஜர்’ திறக்கும். அதில் ‘ஸ்டார்ட்அப்’ பகுதியில், கம்ப்யூட்டர் இயங்கும்போதே தானாக எழுபவை இருக்கும். தெரியாதவற்றை ‘டிஸேபிள்’ செய்யுங்கள்.

யாரும் பார்க்காத மூன்றாவது இடம் ‘டாஸ்க் ஷெட்யூலர்’. தேடல் பெட்டியில் அந்தப் பெயரை அடித்தால் வரும். குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருமுறை ஒரு வேலையைச் செய்யும்படி விண்டோஸுக்குக் கட்டளை எழுதி வைக்கும் இடம் இது. நச்சு மென்பொருளை நாம் அழித்தாலும், இங்கே எழுதிய கட்டளை மறுபடி அதை இறக்கிவிடும். இணையதளத்தைத் திறக்கும் கட்டளையோ, ‘டெம்ப்’ என்ற ஃபோல்டரிலிருந்து எதையாவது இயக்கும் கட்டளையோ இருந்தால் அதை ‘டிஸேபிள்’ செய்யுங்கள். சந்தேகம் இருந்தால் எதையும் அழிக்க வேண்டாம். முடக்கி வைத்தால் போதும். தவறாகிவிட்டால் திரும்ப இயக்கிக்கொள்ளலாம்.

நான்காம் படி: ஸ்கேன்

விண்டோஸ் 10, 11 இரண்டிலும் ‘டிஃபெண்டர்’ என்ற ஆன்டிவைரஸ் கூடவே வருகிறது. தனியாக வாங்க வேண்டியதில்லை. ‘விண்டோஸ் செக்யூரிட்டி’யைத் திறந்து முதலில் அப்டேட் செய்யுங்கள். ‘ஆப் அண்ட் பிரவுசர் கண்ட்ரோல்’ பகுதியில், தேவையற்ற மென்பொருளைத் தடுக்கும் வசதி இயக்கத்தில் உள்ளதா என்று பாருங்கள். பிறகு ‘ஸ்கேன் ஆப்ஷன்ஸ்’ சென்று ‘ஃபுல் ஸ்கேன்’ கொடுங்கள். சில மணி நேரம் ஆகலாம். இஷாவுக்குப் பிறகு போட்டுவிட்டுப் படுத்தால் காலையில் முடிந்திருக்கும்.

அதிலும் பிடிபடாமல் திரும்ப வந்தால், அதே பட்டியலில் ‘டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன்’ இருக்கிறது. கம்ப்யூட்டர் நின்று, விண்டோஸ் முழுதாக எழும் முன்பே தேடத் தொடங்கும். சுமார் 15 நிமிடம் எடுக்கும். வைரஸ் விழித்திருக்கும்போது அதை அழிப்பது கடினம், தன்னைக் காத்துக்கொள்ளும். இந்த ஸ்கேன் அது தூங்கும்போது பிடிக்கிறது.

விளம்பர மென்பொருளைத் தேடுவதற்கென்றே ‘மால்வேர்பைட்ஸ்’ நிறுவனத்தின் ‘ஆட்வ்கிளீனர்’ இலவசமாகக் கிடைக்கிறது. அந்நிறுவனத்தின் தளத்திலிருந்தே இறக்குங்கள். தேடலில் முதலில் வரும் விளம்பர இணைப்புகளை நம்ப வேண்டாம். நிரந்தரமாக ஓடும் ஆன்டிவைரஸ் ஒன்று மட்டும் இருக்கட்டும். இரண்டு இருந்தால் ஒன்றோடொன்று மோதி, கம்ப்யூட்டர் நகராது.

நம் அரசின் உதவியும் இருக்கிறது. மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்தின் கீழ் இயங்கும் ‘செர்ட்-இன்’ அமைப்பு, 2017 பிப்ரவரி 21 அன்று ‘சைபர் ஸ்வச்தா கேந்திரா’ என்ற மையத்தைத் தொடங்கியது. கம்ப்யூட்டரை நமக்குத் தெரியாமல் வேறொருவர் இயக்கும் ‘பாட்’ வகை நச்சுகளை நீக்கும் கருவிகளை அது இலவசமாகத் தருகிறது. குவிக் ஹீல், இஸ்கேன், சென்னையைச் சேர்ந்த கே7 ஆகிய நிறுவனங்கள் அதற்குக் கருவி கொடுத்துள்ளன. இந்தக் கருவியை இறக்கிக்கொள்ளச் சொல்லி செர்ட்-இன் பெயரில் பலரது கைபேசிக்குக் குறுஞ்செய்தி வந்திருக்கும். மோசடியோ என்று பலர் அழித்துவிட்டார்கள். குறுஞ்செய்தியின் இணைப்பை அழுத்தத் தயங்குவது நல்ல பழக்கம்தான். ஆனால் அந்த மையம் உண்மையானது. பிரவுசரில் நீங்களே ‘சிஎஸ்கே டாட் ஜிஓவி டாட் இன்’ என்ற முகவரியை ஆங்கிலத்தில் அடித்துப் போய் எடுத்துக்கொள்ளலாம்.

ஐந்தாம் படி: அதற்கும் அடங்காவிட்டால்

மூன்று நாள் போராடுவதைவிட, முழுதாக அழித்துப் புதிதாகப் போடுவதே சில நேரம் நல்லது. ரம்னிட் போல ஃபைல்களுக்குள் புகுந்த வைரஸுக்கு இதுவே சரியான வழி. ‘ரெக்கவரி’ பகுதியில் ‘ரீசெட் திஸ் பிசி’, அதில் ‘ரிமூவ் எவ்ரிதிங்’ என்று தேர்வு செய்யுங்கள். சி மட்டுமல்ல, எல்லா டிரைவும் சேர வேண்டும். நகல் எடுத்த ஹார்டு டிஸ்கை, புதிய விண்டோஸை அப்டேட் செய்த பிறகே செருகி, ஸ்கேன் செய்த பின்பே திறங்கள்.

விண்டோஸ் 7க்கான பாதுகாப்பு அப்டேட்கள் 2020 ஜனவரியில் நின்றுவிட்டன. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏறாத பழைய லேப்டாப்பைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. லினக்ஸ் போட்டால் படிப்பு, இணையம், கடிதம் எல்லாவற்றுக்கும் போதும். தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்குக் கொடுத்த லேப்டாப்களில் விண்டோஸோடு ‘பாஸ்’ என்ற லினக்ஸும் இருந்தது நினைவிருக்கலாம். அது சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையத்தில் உருவானது, இலவசம்.

ஃபைல்கள் திறக்காமல், பெயருக்குப் பின்னால் புதிய எழுத்துகள் ஒட்டி, பணம் கேட்டுக் கடிதம் இருந்தால் அது ‘ரேன்சம்வேர்’. பணம் அனுப்பாதீர்கள், கொடுத்தாலும் ஃபைல் திரும்பும் என்ற உத்தரவாதம் இல்லை. அவசரப்பட்டு ஃபார்மட்டும் செய்ய வேண்டாம். பூட்டப்பட்ட ஃபைல்களை அப்படியே தனியாக எடுத்து வையுங்கள். 2016இல் நெதர்லாந்து போலீஸும் யூரோபோலும் சேர்ந்து தொடங்கிய ‘நோ மோர் ரேன்சம்’ தளத்தில் சில வகைகளுக்கு இலவசச் சாவி கிடைக்கிறது. இன்று இல்லாத சாவி பின்னால் வெளிவந்ததும் உண்டு.

வழி அடைப்பது: மூன்று வாசல்கள்

முதல் வாசல், கிராக் சாஃப்ட்வேர். விலை கொடுத்து வாங்க வேண்டிய போட்டோ எடிட்டிங், அக்கவுண்ட்ஸ், விண்டோஸ் ஆகியவற்றை இலவசமாக இயக்கித் தரும் ‘கிராக்’ ஃபைல்களை ஓட்டும்போது, “ஆன்டிவைரஸை நிறுத்திவிட்டு ஓட்டவும்” என்று அதிலேயே எழுதியிருக்கும். காவலாளியை அனுப்பிவிட்டுக் கதவைத் திறந்து வைக்கச் சொல்கிறார்கள், நாமும் செய்கிறோம். ‘ஸ்டாப்’ என்று பெயர் பெற்ற ரேன்சம்வேர், வீட்டுக் கம்ப்யூட்டர்களில் பரவியது பெரும்பாலும் இப்படிப்பட்ட கிராக்குகளின் வழியாகத்தான். சில ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய், பத்து வருடக் குடும்பப் போட்டோக்களை இழந்தவர்கள் உண்டு.

இதில் மார்க்க விஷயமும் இருக்கிறது. சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, 1988இல் குவைத்தில் நடந்த தனது ஐந்தாவது அமர்வில், நூலாக்கம், கண்டுபிடிப்பு போன்ற அறிவுசார் உரிமைகள் ஷரீஅத்தில் பாதுகாக்கப்பட்டவை, அவற்றில் அத்துமீறக் கூடாது என்று தீர்மானித்தது. பிறர் உழைப்பை அனுமதியின்றி எடுப்பது ஹலாலான சம்பாத்தியத்துக்கு அழகல்ல. முறையான இலவச மாற்றுகளும் இருக்கின்றன. எழுத்துக்கும் கணக்குக்கும் ‘லிப்ரே ஆஃபீஸ்’, படங்களுக்கு ‘கிம்ப்’ தாராளமாகப் போதும்.

இரண்டாம் வாசல், பென் டிரைவ். ஜெராக்ஸ் கடையில் தினம் நூறு பேரின் பென் டிரைவ் ஒரே கம்ப்யூட்டரில் ஏறி இறங்கும். வீட்டுக்கு வந்து பார்த்தால் ஃபோல்டர்கள் எல்லாம் குறுக்கு ஐகான்களாக மாறியிருக்கும். இதைத்தான் ‘ஷார்ட்கட் வைரஸ்’ என்கிறோம். உங்கள் ஃபைல்கள் அழியவில்லை, மறைக்கப்பட்டிருக்கின்றன. அந்த ஐகானை இரட்டைக் கிளிக் செய்யும்போதுதான் வைரஸ் உங்கள் கம்ப்யூட்டருக்குள் நுழைகிறது. ஆகவே அதைத் தொடாமல், பென் டிரைவை முதலில் ஸ்கேன் செய்யுங்கள். பிறகு ‘வியூ’ மெனுவில் மறைந்த ஃபைல்களைக் காட்டும்படி கொடுங்கள். அப்போதும் தெரியாவிட்டால் ‘ஃபோல்டர் ஆப்ஷன்ஸ்’ சென்று, ‘ஹைட் புரொடெக்டட் ஆப்பரேட்டிங் சிஸ்டம் ஃபைல்ஸ்’ என்ற டிக்கை எடுங்கள். ஃபைல்களை வேறு இடத்துக்கு நகலெடுத்த பின் பென் டிரைவை ஃபார்மட் செய்துவிடலாம். பிரிண்ட் எடுப்பதற்கென்று வெற்று பென் டிரைவ் ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்வது நல்லது.

மூன்றாம் வாசல், நிர்வாகி கணக்கு. பிள்ளைகள் பயன்படுத்த ‘ஸ்டாண்டர்டு’ வகையில் தனிக் கணக்கு தொடங்குங்கள். அதிலிருந்து பெரும்பாலான மென்பொருளை இன்ஸ்டால் செய்ய நிர்வாகி பாஸ்வேர்டு கேட்கும். இதைத் தண்டனையாகச் சொல்லாமல், வீட்டுச் சாவி பெரியவரிடம் இருப்பதைப் போல என்று விளக்குங்கள்.

போலி உதவியாளர்கள்

திரை முழுதும் சிவப்பாகி, சைரன் ஒலித்து, “மைக்ரோசாஃப்டை இந்த எண்ணில் அழையுங்கள்” என்று வந்தால் அது பொய். மைக்ரோசாஃப்டின் எச்சரிக்கைகளில் தொலைபேசி எண் இருக்காது. அழைத்தால், எனிடெஸ்க் போன்ற செயலியைப் போடச் சொல்லி உங்கள் திரையைக் கைப்பற்றி, வங்கிக் கணக்கைத் திறக்க வைப்பார்கள். 2023 அக்டோபரில் மத்தியப் புலனாய்வுத் துறை ‘ஆபரேஷன் சக்ரா-2’ என்ற பெயரில் நாடெங்கும் நடத்திய சோதனைகளில், இப்படிப் போலி உதவி மையம் நடத்திய கும்பல்களும் சிக்கின. அந்தப் பக்கத்தை மூட முடியாவிட்டால் டாஸ்க் மேனேஜர் வழியாகப் பிரவுசரை நிறுத்துங்கள், அவ்வளவுதான்.

பணம் போய்விட்டால் கணமும் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழையுங்கள். ‘சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன்’ தளத்திலும் புகார் பதியலாம். சீக்கிரம் சொன்னால்தான் பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குப் போகும் முன் நிறுத்த வாய்ப்பிருக்கிறது. வெட்கப்பட்டு மறைப்பவர்களால்தான் மோசடிக்காரர்கள் பிழைக்கிறார்கள்.

கடையில் கொடுக்கும்போது

மேலே சொன்னதைச் செய்ய வீட்டில் ஆள் இல்லையென்றால் கடைக்குக் கொடுப்பதில் தவறில்லை. கொடுக்கும் முன் மூன்று விஷயம். வீட்டுப் பெண்களின் படங்களையும் ஆவணங்களையும் வெளி ஹார்டு டிஸ்குக்கு மாற்றி, கம்ப்யூட்டரிலிருந்து நீக்கிவிடுங்கள். சாதாரணமாக அழித்தவற்றை மீட்க முடியும் என்பதால், முடிந்தால் அருகில் இருந்தே வேலையை முடித்து வாங்குங்கள். எந்த டிரைவ்களை அழிக்கிறார், போடும் விண்டோஸ் அசலா கிராக்கா என்று கேளுங்கள். கிராக் விண்டோஸைப் போட்டுத் திரும்பினால், போன வைரஸுக்குப் பதில் புதியது வீட்டுக்கு வரலாம்.

கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் நம் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை: உங்கள் கையில் வருவது ஒரு குடும்பத்தின் அமானிதம். அதைத் திறந்து பார்க்காமல் திருப்பிக் கொடுப்பதில்தான் உங்கள் தொழிலின் பரக்கத் இருக்கிறது.

வெட்டி ஒட்டிக்கொள்ள

1. இணையத்தைத் துண்டி, கைபேசியிலிருந்து பாஸ்வேர்டு மாற்று.
2. போட்டோ, ஆவணங்களை மட்டும் நகலெடு.
3. நோட்டிஃபிகேஷன், எக்ஸ்டென்ஷன் நீக்கு. பிரவுசரை ரீசெட் செய்.
4. ஆப்ஸ், ஸ்டார்ட்அப், டாஸ்க் ஷெட்யூலர் மூன்றையும் பார்.
5. ஃபுல் ஸ்கேன், பிறகு ஆஃப்லைன் ஸ்கேன்.
6. அடங்காவிட்டால் எல்லா டிரைவையும் அழித்துப் புதிதாகப் போடு.
7. கிராக் வேண்டாம், பென் டிரைவை ஸ்கேன் செய், பிள்ளைகளுக்குத் தனிக் கணக்கு.
8. பணம் போனால் உடனே 1930.

இதைப் படித்தவர்கள், கம்ப்யூட்டர் பழக்கமில்லாத பக்கத்து வீட்டாருக்கும் படித்துக் காட்டுங்கள். முடிந்தால் கூட உட்கார்ந்து செய்து கொடுங்கள். பயனுள்ள கல்வியைப் பகிர்வதும் ஸதக்காதான். நம் இல்லங்களின் பொருளையும் மானத்தையும் அல்லாஹ் காத்தருள்வானாக. ஆமீன்.